புதுப்பிப்பு: கினிப் பன்றி அனோவா கணக்கு சரியாகிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: 60 கினிப் பன்றிகள், வைட்டமின் சி கொடுத்த விதம் இரண்டு (ஆரஞ்சு சாறு, அஸ்கார்பிக் அமிலம்), அளவு மூன்று (0.5, 1, 2 மில்லிகிராம்). ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளோடு வரும் பல் வளர்ச்சித் தரவுதான். என் இருவழி அனோவா (இரண்டு காரணிகளின் விளைவைச் சேர்த்துச் சோதிக்கும் முறை) அட்டவணை மட்டும் வகுப்பில் கொடுத்த விடையோடு ஒத்துப்போகவில்லை.

தப்பு என்னுடையதுதான். அளவுக்கு நேரே டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவாக வரும் எண்) 1 என்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. மூன்று அளவு என்றால் 2 வரவேண்டும் அல்லவா? அளவை வகையாக மாற்றாமல் எண்ணாகவே விட்டிருந்தேன்; மென்பொருளும் பேசாமல் நேர்கோடு போட்டுவிட்டது. மாற்றியதும் பிழைக்கான டிகிரி 56-இலிருந்து 54 ஆனது, இடைவினையின் (கொடுத்த விதத்தின் விளைவு அளவைப் பொறுத்து மாறுவதன்) எஃப் என்ற சோதனை எண் 4.11, அது தற்செயலாக வரும் வாய்ப்பைக் காட்டும் பி மதிப்பு 0.022. விடையோடு பொருந்திவிட்டது.

அப்புறம், "வரைபடம் போட்டுப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னாரே, அதில்தான் இடைவினை புரிந்தது. பல் வளர்ச்சியின் ஒட்டுமொத்தச் சராசரியில் சாறு 3.7 கூடுதல். ஆனால் 0.5-இல் சாற்றின் 13.23-க்கு எதிராக அமிலம் 7.98, 1-இல் 22.70-க்கு 16.77, 2-இல் 26.06, 26.14. கோடுகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. 'சாறுதான் மேல்' என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் 2 மில்லிகிராமுக்குப் பொய்யாகியிருக்கும்.

அறிக்கையில் இப்போது ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக ஒப்பிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.