அப்பாவின் கண் ஆபரேஷன் செலவை வருமான வரிச் சலுகைக்கான 80டி பிரிவில் காட்டலாமா?

அப்பாவுக்கு 72 வயது, மெடிக்கல் இன்சூரன்ஸ் கிடையாது. போன நிதியாண்டில் இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன். மருந்தோடு சேர்த்து 68,000 ரூபாய் கைக்காசு. நான் பழைய வரி முறையில்தான் இருக்கிறேன். காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களின் சிகிச்சைச் செலவில் 50,000 வரை 80டி பிரிவில் கழிக்கலாம், ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது என்பது வரை தெரியும்.

41,000 என் ஜிபேயில் போனது. மீதிக்கு அப்பா தன் பென்ஷன் கார்டைத் தேய்த்துவிட்டார். கேட்டால், "என் கண்ணுக்கு நான் கொடுக்கக் கூடாதா?" என்கிறார். அந்தப் பணத்தை அவர் கணக்குக்கே திருப்பிப் போட்டுவிட்டேன். அதை என் செலவாகக் காட்ட முடியுமா?

அப்புறம், மருந்துக்கடை பில்கள் பாதி மங்கி வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிட்டன. வங்கி ஸ்டேட்மென்ட் மட்டும் போதுமா? இப்படிக் கழித்துக் காட்டியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.