தொலைவில் இருப்பவர்களின் வாக்கு: எங்கள் அனுபவங்கள்

பேரையூர்ப் பக்கத்து முன்னாள் ஹவில்தார்:

என் அக்காள் மகன் இப்போது லடாக்கில் பணியில் இருக்கிறான். "மாமா, என் ஓட்டை நான் எப்படிப் போடுவது?" என்று சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்க்க வேண்டுகிறேன்.

1999 நாடாளுமன்றத் தேர்தலின்போது நான் ஜம்முவில் இருந்தேன். எனக்கு அனுப்பப்பட்ட தபால் வாக்குச்சீட்டு, எங்கள் யூனிட் மாறிய இரண்டு முகாம்களையும் சுற்றிக்கொண்டு கைக்கு வந்து சேர்ந்தபோது, வாக்கு எண்ணிக்கை முடிந்து புதிய அரசும் பதவியேற்றிருந்தது. அந்த உறையை நான் பிரிக்கவே இல்லை. பல ஆண்டுகள் அது என் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது.

2003-இல் சட்டம் திருத்தப்பட்டு, முப்படையினரும் ராணுவச் சட்டம் பொருந்தும் படைகளில் இருப்பவர்களும் தங்களுக்குப் பதிலாக ஊரில் ஒருவரை வாக்களிக்க நியமிக்கலாம் என்று வந்தது. 2008-இல் விடுமுறையில் வந்தபோது, படிவம் 13-எஃப் வாங்கி, அம்மாவைத் திருமங்கலத்துக்கு அழைத்துச் சென்று, நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டுத் தேர்தல் அலுவலகத்தில் சேர்த்தேன். பணியிடத்திலேயே இருப்பவர்கள் கமாண்டிங் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு அனுப்பலாம். நியமிக்கப்படுபவர் அந்தத் தொகுதியிலேயே குடியிருப்பவராக, 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். ஒருமுறை நியமித்துவிட்டால், நாம் ரத்து செய்யும்வரை அது செல்லும்.

2009 மே 13 அன்று மாலை அம்மாவோடு பேசினேன். தம் ஓட்டுக்கு ஆள்காட்டி விரலிலும், என் ஓட்டுக்கு இடக்கையின் நடுவிரலிலும் மை வைத்தார்கள் என்று சொல்லிவிட்டு, "உனக்கு நீ சொன்ன சின்னத்துலதான் அமுக்குனேன், எனக்கு எனக்குப் பிடிச்சதுல போட்டேன்" என்றார். பதிலாளாக யாரை நியமிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நாம் சொன்ன சின்னத்தை மாற்றாமல் அழுத்துவார் என்று நாம் முழுமையாக நம்பும் ஒருவராக அவர் இருக்க வேண்டும். ஏனெனில் உள்ளே நடந்ததைச் சரிபார்க்க நமக்கு வேறு வழியே கிடையாது.

உசிலம்பட்டி, படைவீரரின் மனைவி:

ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கணவரோடு பணியிடத்தில் குடியிருக்கும் மனைவியும் சேவை வாக்காளராக (படைப்பணியில் வெளியூரில் இருந்துகொண்டே சொந்த ஊர்த் தொகுதிக்கு வாக்களிப்பவராக) பதிவு செய்துகொள்ளலாம். முன்பு சட்டத்தில் 'மனைவி' என்று மட்டுமே இருந்ததால், பெண் அதிகாரிகளின் கணவர்களுக்கு இந்த உரிமை கிடைக்கவில்லை. 2021-இல்தான் அது 'வாழ்க்கைத் துணை' என்று மாற்றப்பட்டது. நான் கணவரின் யூனிட் குடியிருப்பில் இருந்தபோது அப்படிப் பதிவு செய்திருந்தேன். பிள்ளைகளின் படிப்புக்காக ஊருக்குத் திரும்பிய பிறகு, பொதுப் பட்டியலில் மீண்டும் பெயர் சேர்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. வாக்குச்சாவடியில் என் பெயர் இல்லை என்று சொன்ன அன்று, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. குடியிருப்பு மாறினால் பதிவையும் உடனே மாற்றிக்கொள்ளுங்கள்.

மதுரை, வாக்கு எண்ணும் பணியில் இருந்த ஆசிரியர்:

தபால் வாக்குகளை எண்ணும் மேசையில் நான் பணியாற்றியிருக்கிறேன். அங்கே கண்டதைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

இப்போது வாக்குச்சீட்டு தபாலில் போய்ச் சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016-இல் புதுச்சேரியின் நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் முதலில் நடைமுறைக்கு வந்த முறைப்படி, வேட்பாளர் பட்டியல் இறுதியானதும் வாக்குச்சீட்டு மின்னணு வழியில் யூனிட்டுக்கே அனுப்பப்படுகிறது. அதை அங்கே கடவுச்சொல் கொண்டு திறந்து, அச்செடுத்து, வாக்கைக் குறிக்கிறார்கள். ஆனால் திரும்பி வருவது இன்றும் தபாலில்தான். எண்ணிக்கை நாளன்று காலை 8 மணிக்கு முன்பாகத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் வந்து சேராத உறை எண்ணப்படுவதில்லை.

நேரத்துக்கு வந்த உறைகளும் வீணாவதைக் கண்டேன் என்பதுதான் என் வருத்தம். வாக்குச்சீட்டை மட்டும் சிறிய உறையில் (13-பி) வைத்து ஒட்ட வேண்டும்; அந்தச் சிறிய உறையையும், தனியாகக் கையெழுத்திட்டு அதிகாரியின் சான்றொப்பம் பெற்ற உறுதிமொழிப் படிவத்தையும் (13-ஏ) சேர்த்துப் பெரிய உறையில் (13-சி) வைத்து அனுப்ப வேண்டும். நாங்கள் முதலில் பெரிய உறையைத்தான் பிரிப்போம். உறுதிமொழி அதில் இல்லை என்றாலும், சான்றொப்பம் விடுபட்டிருந்தாலும், உறுதிமொழியில் உள்ள வரிசை எண் சிறிய உறையின் எண்ணோடு பொருந்தாவிட்டாலும், அந்தச் சிறிய உறையைப் பிரிக்காமலேயே தள்ளுபடி செய்துவிட வேண்டும் என்பது விதி. உறுதிமொழியைத் தவறிச் சிறிய உறைக்குள் வைத்து ஒட்டியிருந்தாலும், அதை வெளியே எடுத்துப் பார்க்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. பனிமலையில் நிற்கும் ஒருவர் அக்கறையோடு அனுப்பிய உறையின் மேல் 'தள்ளுபடி' என்று எழுதும்போது கை கூசியது. ஐயா, உங்கள் அக்காள் மகனிடம் இந்த இரண்டு உறைகளின் வேறுபாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

மேலூர்க்காரர், தற்போது சிங்கப்பூரில்:

வெளிநாட்டில் வேலை பார்க்கும் எங்களுக்குத் தபால் வாக்கும் இல்லை, பதிலாளும் இல்லை. 2010 சட்டத் திருத்தத்தால் வாக்குரிமை கிடைத்தது. ஆனால் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்குரிய வாக்குச்சாவடிக்கு நேரில் வந்துதான் அதைப் பயன்படுத்த முடியும். பதிலாள் வழி வாக்களிக்க வகைசெய்யும் மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறியும், மாநிலங்களவையைத் தாண்டாமல் மறு ஆண்டே காலாவதியானது. 2020-இல் மின்னணுத் தபால் வாக்கை எங்களுக்கும் விரிவுபடுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. 2024 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்திருந்த சுமார் 1 லட்சத்து 19 ஆயிரம் வெளிநாடுவாழ் வாக்காளர்களில், நேரில் வந்து வாக்களித்தவர்கள் 3,000 பேருக்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் கேரளத்தவர். விமானக் கட்டணமும் விடுப்பும் வாக்கின் விலையாக இருக்கும்வரை இந்த எண்ணிக்கை உயராது என்பது என் உறுதியான கருத்து.

2021-இல் பழைய வாக்காளர் அட்டையோடு மேலூருக்கு வந்தபோது, ஊரில் வசிக்கவில்லை என்று என் பெயரை நீக்கியிருந்தார்கள். அதன் பிறகு பாஸ்போர்ட், விசா பக்கங்களை இணைத்து, வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிவு செய்வதற்கான படிவம் 6-ஏ கொடுத்தேன். வாக்குச்சாவடி நிலை அலுவலர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விசாரித்துச் சென்றார். இந்தப் பதிவுக்கு வாக்காளர் அட்டை தருவதில்லை. அசல் பாஸ்போர்ட்டையே காட்ட வேண்டும். 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, பட்டியலின் கடைசிப் பகுதியில் இருந்த என் பெயரைத் தேடி எடுக்க அலுவலர்களுக்குச் சிறிது நேரம் ஆனது. ஆனாலும் பொறுமையாகத் தேடினார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அழகர் ஆற்றில் இறங்குவதையும் பார்த்துவிட்டே திரும்பினேன்.

பேரையூர்ப் பக்கத்து முன்னாள் ஹவில்தார்:

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. உறைகளைப் பற்றி எழுதியதை அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் விடுமுறையில் வருகிறான். தபாலா, பதிலாளா என்று அப்போது முடிவு செய்யலாம் என்றிருக்கிறோம். பதிலாள் என்றால் என் அக்காள் வருவதாகச் சொல்லிவிட்டார். திருமங்கலத்துக்கு அவர்கள் இருவரையும் நானே அழைத்துப் போகிறேன்.