தர்மபுரி – கிருஷ்ணகிரி பக்கம் நம்பி பெட்ரோல் போட எந்த பங்க்?

தகடூர் தம்பி:
தர்மபுரியில் இருந்து ஓசூருக்கு வாரம் மூன்று நாள் காரில் போய் வருகிறேன். 2014 மாடல், பெட்ரோல் வண்டி. போன வாரம் ஒருநாள் ராத்திரி முழுக்க மழை. மறுநாள் காலையில் வழியில் ஒரு பங்கில் (பெயரும் ஊரும் வேண்டாம், எதற்கு வம்பு) 1500 ரூபாய்க்குப் போட்டேன். பத்து கிலோமீட்டர் தாண்டவில்லை, இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. ஒரு மேம்பாலம் ஏறும்போது ஆஃப் ஆகி நின்றேவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, நானும் இன்னொருவரும் தள்ளி ஓரம் கட்டினோம்.

மெக்கானிக் டேங்கில் இருந்து ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் காட்டினார். மேலே தெளிவான பெட்ரோல், அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கலங்கலாக வேறு ஏதோ. குலுக்கினால் கலக்கிறது, கீழே வைத்தால் பிரிந்துவிடுகிறது. டேங்க் கழுவி, ஃபில்டர் மாற்றி 4200 ரூபாய் பழுத்துவிட்டது. பங்கில் போய்க் கேட்டால், “எங்களிடம் போட்டதற்கு என்ன ஆதாரம்?” என்கிறார்கள். பில் வாங்காதது என் தப்புதான். சரி, இனி எங்கே போடுவது?

ஹைவே ஓசூரான்:
கம்பெனியே நேரடியாக நடத்தும் ‘கோகோ’ பங்கில் போடுங்கள். டீலர் கிடையாது, அதனால் கலப்படம் செய்து சம்பாதிக்கவும் ஆள் கிடையாது. நான் நாலுவழிச் சாலையை விட்டு இறங்கிப் பெட்ரோல் போடுவதே இல்லை.

மாங்காய் மண்டி:
கோகோ, கீகோ எல்லாம் எனக்குத் தெரியாது. சந்தூர் பக்கம் ஒரே பங்கில்தான் பதினெட்டு வருடமாகப் போடுகிறேன். முதலாளியைத் தெரியும், அவர் அப்பாவையும் தெரியும். தப்பு பண்ணிவிட்டு சாயங்காலம் டீக்கடையில் என் எதிரில் உட்கார முடியுமா? ஹைவேயில் யார் சட்டையைப் பிடிப்பீர்கள்? இன்றைக்கு உங்களுக்குப் பெட்ரோல் போட்ட பையன் அடுத்த மாதம் ஓசூரில் ஏதாவது கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருப்பான்.

ஹைவே ஓசூரான்:
அண்ணா, முதலாளி நல்லவர் என்றால் அவர் தொட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்காதா?

மாங்காய் மண்டி:
இறங்கினால் போன் பண்ணிச் சொல்வார் தம்பி, “இன்றைக்கு வராதே” என்று.

ஸ்பேனர் பாலக்கோடு:
நான் மெக்கானிக். தம்பியின் பாட்டில் மாதிரி மழைக்காலத்தில் நிறையப் பார்க்கிறேன். அடியில் நின்றது வெறும் தண்ணீர் இல்லை. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதம் எத்தனால். அதற்குத் தண்ணீர் என்றால் உயிர். கொஞ்சம் ஈரம் வரை பெட்ரோலோடு சேர்ந்தே இருக்கும். அளவு மீறினால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் போனால் அடியில் ஒரு சொம்பு நிற்பது அதனால்தான். வண்டியின் பம்பும் அடியில் இருந்துதான் இழுக்கிறது, அப்புறம் எப்படி ஓடும்?

ஆகவே இது கலப்படமாக இருக்க வேண்டும் என்றில்லை, கவனக்குறைவாகவும் இருக்கலாம். நான் ஒரு பங்கில் முதலில் பார்ப்பது தரையைத்தான். பூமித் தொட்டியின் மூடிகள் தரைமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கின்றனவா, சுற்றித் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்ப்பேன். அடுத்தது ஓட்டம். தினமும் சரக்கு தீர்ந்து புதிது இறங்கும் தொட்டியில் பழைய சரக்கு தங்காது.

கம்பெனி பெயரை வைத்துச் சண்டை வேண்டாம். மூன்று அரசு கம்பெனிகளும் ஒருவர் டெர்மினலில் (சேமிப்புக் கிடங்கில்) இன்னொருவர் சரக்கு எடுப்பது உண்டு. டேங்கரின் நிறம்தான் வேறு.

ஹைவே ஓசூரான்:
நான் சொன்னதும் அதைத்தானே? ஓட்டம் ஹைவேயில்தான் அதிகம்.

மாங்காய் மண்டி:
ஓட்டம் டீசலுக்கு! உங்கள் ரோட்டில் வரிசையாக நிற்பது லாரி. பெட்ரோல் தொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு காலியாகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? எங்கள் ஊர் பங்கில் காலையில் பால்காரர் முதல் ராத்திரி டியூட்டி முடித்து வருபவர் வரை எல்லாம் டூவீலர். பெட்ரோல்தான் ஓடுகிறது.

ஸ்பேனர் பாலக்கோடு:
இது பாயிண்ட். எனக்கே தோன்றவில்லை.

அத்திப்பள்ளி ரிட்டர்ன்:
ஓசூர் வரை போய் வந்துகொண்டு இதற்கெல்லாம் ஏன் கவலை? ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. லிட்டருக்கு ரெண்டு மூணு ரூபாய் மிச்சம், தரமும் சுத்தம்.

அரூர் கணக்கு டீச்சர்:
விலை குறைவு என்பது டீசலுக்கு. 2024 ஜூனில் கர்நாடகம் விற்பனை வரியை ஏற்றிய பிறகு பெட்ரோல் அங்கே மலிவு இல்லை. இவர் வைத்திருப்பது பெட்ரோல் கார். “தரமும் சுத்தம்” என்பது எதை வைத்து?

அத்திப்பள்ளி ரிட்டர்ன்:
டீச்சர், என்னுடையது டீசல் வண்டி, அந்த ஞாபகத்தில் எழுதிவிட்டேன். தரம் பற்றிச் சொன்னது அனுபவத்தில். மைலேஜ் அங்கே போட்டால் கூடத்தான் வருகிறது.

அரூர் கணக்கு டீச்சர்:
மைலேஜை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். நான் 2019-இல் இருந்து ஒவ்வொரு ஃபுல் டேங்கையும் நோட்டில் எழுதுகிறேன். என் பெட்ரோல் காருக்கு 17 வந்தது, இப்போது 16. முதலில் பங்க்காரரைத்தான் திட்டினேன். மூன்று பங்க் மாறியும் அதே 16. பழைய, 10 சத எத்தனாலுக்கு டியூன் செய்த கார்களில் 20 சதம் போட்டால் 6 முதல் 7 சதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையிலேயே இருக்கிறது. 17-இல் 6 சதம் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதற்காகப் பங்கைக் குறை சொல்ல முடியாது.

அளவு வேறு, தரம் வேறு. அளவில் சந்தேகம் என்றால் முத்திரை போட்ட 5 லிட்டர் குடுவை ஒவ்வொரு பங்கிலும் இருக்கும், கேட்டால் ஊற்றிக் காட்ட வேண்டும். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.

ஹைவே ஓசூரான்:
இத்தனை தலைவலிக்குப் பதில் 95 ஆக்டேன் (இன்ஜின் தட்டாமல் எரியும் தன்மைக்கான எண்) பிரீமியம் போட்டுவிடலாமே?

ஸ்பேனர் பாலக்கோடு:
அதிலும் எத்தனால் உண்டு, அந்தத் தொட்டிக்குள்ளும் தண்ணீர் இறங்கும். தவிர, 20 சதம் கலந்த பிறகு சாதா பெட்ரோலே 95 ஆக்டேனுக்கு வந்துவிட்டது என்று 2025-இல் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. காரின் கையேட்டில் 91 போதும் என்று இருந்தால் மேலே கொடுக்கும் காசு வீண். பிரீமியம் பலருக்கு வாங்கவும் கட்டுப்படியாகாது, ஓட்டம் குறைந்த தொட்டி அதுதான். அதையும் யோசியுங்கள்.

மாங்காய் மண்டி:
ஃபில்டர் பேப்பரில் ரெண்டு சொட்டு விட்டுப் பார்க்கலாமே. கறை இல்லாமல் காய்ந்தால் நல்ல சரக்கு. எங்கள் அப்பா காலத்தில் இருந்தே இதுதான்.

ஸ்பேனர் பாலக்கோடு:
மண்ணெண்ணெயோ டீசலோ கலந்திருந்தால் கறை நிற்கும், அதற்குச் சரி. தண்ணீர் விஷயத்தை அது பிடிக்காது அண்ணா. காலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதும் சும்மா. தொட்டி பூமிக்கு அடியில் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அங்கே பெரிய வித்தியாசம் வராது.

தகடூர் தம்பி:
நேற்று நான்கு ரோடு பக்கம் வேறொரு பங்கில், கலப்படம் இருக்கிறதா என்று தெரிய, பெட்ரோலின் அடர்த்தி பார்க்கச் சொன்னேன். முதலில் மேலும் கீழும் பார்த்தார்கள். அப்புறம் சூப்பர்வைசர் கண்ணாடி ஜாடியில் அரை லிட்டர் பிடித்து, அடர்த்தி காட்டும் மிதவைமானியும் தெர்மாமீட்டரும் விட்டார். மிதவை ஆடி நிற்கும் வரை காத்திருந்து, குனிந்து கண்ணை ஜாடி மட்டத்துக்குக் கொண்டுவந்து படித்தார். வெளியே வெயில் கொளுத்தியதால் வந்த எண்ணை அப்படியே எடுக்கக் கூடாதாம், 15 டிகிரிக்கு மாற்றும் அட்டவணை ஒன்றைப் பிரித்தார். டேங்கர் வந்தபோது ரெஜிஸ்டரில் எழுதிய எண்ணுக்கும் இதற்கும் (கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கில்) 3-க்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்றார். வித்தியாசம் 1 கூட இல்லை. பூமித் தொட்டி மூடிகளும் பார்த்தேன், மேட்டில்தான் இருந்தன. இனி அங்கேதான்.

ஹைவே ஓசூரான்:
ஒரு தடவை சோதித்ததற்கே முடிவா? நான் கோகோதான்.

மாங்காய் மண்டி:
தம்பி, பில் வாங்கினாயா?

தகடூர் தம்பி:
வாங்கி டேஷ்போர்டில் வைத்தேன் அண்ணா. இன்று பார்த்தால் வெயிலில் பாதி எழுத்தைக் காணோம்.

அரூர் கணக்கு டீச்சர்:
அது சூட்டுக்கு அழியும் தாள். வாங்கிய உடனே போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.