மால்கோவை மூடியது வழக்கா, கரண்டா?

ஏற்காட்டான்: "மலையைக் காப்பாற்றுகிறேன் என்று வழக்குப் போட்டவர்கள்தான் மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலையை மூடவைத்தார்கள்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2008 ஜூலையில் டன் 3,300 டாலர் வரை போன அலுமினியம் அந்த வருடக் கடைசியில் 1,500க்கும் கீழே விழுந்தது. ஆலை நின்றதும் அந்தச் சமயத்தில்தான். பழியை மட்டும் மலைக்காரன் தலையில் போடுவீர்களா?

மேட்டூர்ப் பையன்: எழுதியது நான்தான், நேராகவே கேட்கலாம். விலை உலகம் முழுக்க விழுந்தது, ஒடிசாவில் இருக்கும் நால்கோ அலுமினிய ஆலையை மூடினார்களா? கொல்லிமலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்ட அனுமதி இல்லையென்று வழக்கு வந்தது, சுரங்கம் நின்றது, ஆலையும் நின்றது. எங்கள் அப்பா அலுமினியம் உருக்கும் தொட்டிகள் இருக்கிற பாட் ரூமில் வேலை பார்த்தவர். உள்ளே இருக்கும் காந்தத்தில் வாட்ச் நின்றுவிடும் என்று கழற்றி வைத்துவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போவார். சட்டையெல்லாம் தெறித்த பொட்டுப் பொட்டாய் ஓட்டை. அந்தச் சோற்றில் வளர்ந்தவன் நான், எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கணக்கன்: இரண்டு பேருமே கரண்டை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். ஒரு டன் அலுமினியத்துக்கு 15,000 யூனிட். வருடத்துக்கு 40,000 டன் என்றால் 60 கோடி யூனிட். ஆலைக்குச் சொந்தமாக 100 மெகாவாட் அனல்மின் நிலையம் இருந்தது. 2008இல் தமிழ்நாடே மின்வெட்டில் தவித்துக்கொண்டிருந்தது. அந்தக் கரண்டை உலோகமாக்கி நட்டத்துக்கு விற்பதைவிடக் கரண்டாகவே விற்றால் காசு. ஆலை நின்ற பிறகும் மின்நிலையம் ஓடியதே, எதற்கு?

மேட்டூர்ப் பையன்: 15,000 எல்லாம் ஆகாது. 13,000தான்.

கணக்கன்: 13,000 இப்போது கட்டுகிற ஆலைக்கு. இது 1965இல் ஓட ஆரம்பித்த ஆலை. 15,000.

மேட்டூர்ப் பையன்: உள்ளே கால் வைத்திருக்கிறீர்களா? 13,000.

ஏற்காட்டான்: யூனிட் கிடக்கட்டும், செஞ்சேற்றைப் பற்றி யாராவது பேசுங்களேன். பாக்சைட்டில் காஸ்டிக் சோடா போட்டு அலுமினியம் ஆகப்போகும் அலுமினாத் தூளை எடுத்த பிறகு மிஞ்சுகிற சேறு, டன் அலுமினாவுக்கு ஏறக்குறைய இன்னொரு டன் வரும். ஆலை போய்விட்டது, சேறு போனதா?

மேட்டூர்ப் பையன்: ஏற்காட்டில் எஸ்டேட் போட்டுக் காட்டை வெட்டியபோது எங்கே போயிருந்தீர்கள்?

ஏற்காட்டான்: எனக்கு எஸ்டேட்டும் இல்லை, ஒரு சென்ட் நிலமும் இல்லை. போன வருடம் காவிரித் தண்ணீர் விவாதத்திலும் இப்படித்தான் ஆளைப் பிடித்தீர்கள், மறக்கவில்லை.

கணக்கன்: மறுபடியும் சொல்கிறேன், கரண்ட். நியூசிலாந்தின் தென்கோடியில் டிவாய் பாயின்ட் என்று ஓர் ஆலை, அந்த நாட்டு மின்சாரத்தில் எட்டில் ஒரு பங்கை அது ஒன்றே தின்கிறது. 2020இல் மூடப்போவதாக அறிவித்தார்கள், பக்கத்து இன்வர்கார்கில் ஊரே கலங்கியது. 2024இல் 20 வருடத்துக்கு மின்சார ஒப்பந்தம் போட்டார்கள், இன்றும் ஓடுகிறது. எந்த ஊரிலும் அலுமினிய ஆலையின் உயிர் கரண்ட் விலையில்தான் இருக்கிறது. சில மணி நேரம் கரண்ட் நின்றாலே பாட் தொட்டிகளில் உருகிக்கிடப்பதெல்லாம் உறைந்துவிடும், திரும்ப ஓட்ட மாதக்கணக்காகும். இதை வைத்துக்கொண்டு வழக்கு, வழக்கு என்கிறீர்கள்.

மேட்டூர்ப் பையன்: நியூசிலாந்து எனக்கு எதற்கு? பாக்சைட் இல்லாமல் கரண்டை வைத்து எதை உருக்குவது? வழக்குதான் மூடியது.

கணக்கன்: அலுமினாவை வெளியிலிருந்து வாங்கலாமே? டிவாய் பாயின்ட் ஆஸ்திரேலியாவிலிருந்துதான் வாங்குகிறது, கப்பலில்.

மேட்டூர்ப் பையன்: மேட்டூருக்குக் கப்பல் எங்கே வரும்? கூட்ஸ் வண்டியில் ஏற்றிவந்தால் என்ன செலவு ஆகும், அந்தக் கணக்கைப் போடுங்கள் முதலில்.

கணக்கன்: போடுகிறேன். அதற்குமுன் 15,000 என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர்ப் பையன்: 13,000.