கார்டை வெட்டியாச்சு, பாஸ்போட் வரவில்லை: உங்களுக்கும் நடந்ததா?

உவர்மலைப் பேத்தி

2022 ஏப்ரல். கனடாவில் பிரஜாவுரிமைச் சத்தியப்பிரமாணம் அப்போது பெரும்பாலும் சூமில்தான் நடக்கும். குசினி மேசையில் லப்டொப்பை வைத்து, சாறியும் உடுத்துக்கொண்டு இருந்தேன். விழா தொடங்குமுன் ஒரு அதிகாரி தனியாகக் கூப்பிட்டு அடையாளம் பார்த்தார். பிறகு, பிஆர் கார்டை, அதாவது நிரந்தர வதிவிட அட்டையை, கமெராவுக்கு முன்னால் வெட்டுங்கள் என்றார். கைக்கு எட்டினது மீன் செட்டை வெட்டுகிற கத்தரிக்கோல். கார்டு லேசில் வெட்டுப்படவில்லை. இரண்டு மூன்று தரம் நெரித்த பிறகு என் முகம் நெற்றியோடு ஒரு துண்டு, வாயோடு ஒரு துண்டு.

நாலாம் நாள் அம்மாவின் அழைப்பு. அம்மம்மா கிணற்றடியில் விழுந்து, பெரியாஸ்பத்திரியில்.

இலங்கைப் பாஸ்போட்டில் இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. போகலாம். திரும்பி வரத்தான் வழியில்லை. பிஆர் கார்டோ கனேடியப் பாஸ்போட்டோ இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். பிரஜாவுரிமைச் சான்றிதழ் பயணப் பத்திரம் இல்லை, அதுவும் தபாலில் வந்தால்தான் பாஸ்போட்டுக்கே விண்ணப்பிக்கலாம். அவசரப் பாஸ்போட் என்று ஒன்று இருக்கிறதுதான். அதற்கும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.

அம்மா போனை அம்மம்மாவின் காதில் பிடித்தா. "கார்டு கிடைச்சிட்டுதோ பிள்ளை?" என்று கேட்டா. எத்தனையோ வருஷமாக, "கார்டு கிடைக்கட்டும், வாறன்" என்று நான்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். கிடைச்சிட்டுது அம்மம்மா என்றேன். வெட்டின துண்டு இரண்டும் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடந்தன.

அம்மம்மா போய்விட்டா. எட்டாம் நாள் சடங்குக்கும் போகவில்லை, ஒரு மாதத்து அந்தியேட்டிக்கும் போகவில்லை. சான்றிதழ் ஐந்து கிழமை கழித்து வந்தது. அந்த வருஷம் கனடாவில் பாஸ்போட்டுக்கு நின்ற வரிசை தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஜூலையில்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன்.

இப்படி இடையில் மாட்டின வேறு ஆட்கள் இருக்கிறீர்களா?

நிலாவெளியான்

இருக்கிறேன் பேத்தி, ஆனால் மற்றப் பக்கத்தால் மாட்டினேன். அமெரிக்காவில் பிரஜாவுரிமை நேர்முகம் முடிந்து, சத்தியப்பிரமாணக் கடிதம் வர முதல் தங்கச்சியின் கல்யாணம், திருகோணமலைப் பத்திரகாளி அம்மன் கோவிலில். கிரீன் கார்ட் கையில் இருக்கிறதே என்று போய் வந்துவிட்டேன். வந்து பார்த்தால் கடிதத்தோடு என்-445 என்ற படிவம். நேர்முகத்துக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியே போனீரா என்று ஒரு கேள்வி. போனது பிழையில்லை, மறைத்தால்தான் பிழை. இருந்தாலும் "ஆம்" என்ற கட்டத்தில் பேனை வைக்க ஒரு இரவு முழுக்க யோசித்தேன்.

சத்தியப்பிரமாணத்தன்று வரிசையில் எனக்கு முன்னால் பத்துப் பேர். ஒருவருக்கும் கேள்வி இல்லை. என்னிடம் மட்டும் எங்கே போனீர் என்றா அந்தப் பெண் அதிகாரி. திரிங்கோமலீ என்றேன். எழுத்துக் கூட்டச் சொன்னா. நடுக்கத்தில் என் ஊர்ப் பெயரை இரண்டு தரம் பிழையாக எழுத்துக் கூட்டினேன். சிரித்துவிட்டு, கிரீன் கார்ட்டை வாங்கிப் பெட்டிக்குள் போட்டா. அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. பாஸ்போட் விண்ணப்பத்தோடு சான்றிதழின் மூலப் பிரதியையும் அனுப்பவேண்டியிருந்தது. அது திரும்பும் மட்டும் அமெரிக்கன் என்று காட்ட வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

அன்புவழிபுரம் அண்ணை

வாசித்தேன். கவலைதான். ஆனால் இதெல்லாம் முன்யோசனை இல்லாததால் வருவது. வயது போன ஆட்கள் ஊரில் இருக்க, சத்தியப்பிரமாணத் தேதியைத் தள்ளிப் போட்டிருக்கலாம்தானே? நான் 2016இல் பிரித்தானியப் பிரஜை ஆனேன். வதிவிட அனுமதிக் கார்டை உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினேன், பாஸ்போட் வரும்வரை எங்கும் அசையவில்லை. என் அனுபவம் அவ்வளவுதான். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பழக்கதோஷத்தில் இலங்கையர் வரிசையில் நின்று, முன்னுக்குப் போனதும் மற்ற வரிசைக்கு அனுப்பப்பட்டேன், அதைச் சொல்லாவிட்டால் மனுசி வந்து சொல்லுவா.

இனி வேலையான விஷயம். பேத்தி இலங்கைப் பாஸ்போட்டில் "போகலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, விரும்பி வேறு நாட்டுப் பிரஜை ஆனால் இலங்கைப் பிரஜாவுரிமை தானாகப் போய்விடும். பிறகு அந்தப் பாஸ்போட்டைக் காட்டுவது வில்லங்கம். இலங்கைப் பிரஜாவுரிமையையும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் சத்தியப்பிரமாணத்துக்கு முதலே அந்தச் சட்டத்தின் பிரிவு 19(3)இன் கீழ் விண்ணப்பிக்கவேண்டும். இழந்தபின் என்றால் 19(2). இந்த இரட்டைப் பிரஜாவுரிமை 2011இல் நிறுத்தப்பட்டு 2015இல்தான் திரும்பத் தொடங்கியது, ஆகவே பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள். ஊரில் காணி இருக்கிற ஆட்கள் கட்டாயம் எடுங்கள். வெளிநாட்டவர் பேரில் காணி எழுத 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும், இரட்டைப் பிரஜைக்கு நிற்காது. அப்புறம் பெயர். எங்கட ஆட்களுக்கு அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயராக ஏறும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, புதுப் பாஸ்போட்டில் வேறு எழுத்து என்று இருந்தால் பத்தரமுல்லைக் குடிவரவுத் திணைக்களத்துக்கு நடந்தே கால் தேயும். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மட்டும் செய்யுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். மூன்று என்றால் இன்னும் நல்லது.

தம்பலகாமத்தான்

அண்ணை, அந்தப் பிள்ளை அம்மம்மாவைப் பற்றி எழுதியிருக்கு, நீங்கள் பிரிவு இலக்கம் சொல்லுறீங்கள். விழுகிற ஆள் தேதி பார்த்தா விழும்?

எனக்கு இரண்டு பாஸ்போட் பிரச்சினை கிடையாது. ஒன்றே இழுபறி. அப்பா, அம்மா தம்பலகாமம். 1990இல் இந்தியாவுக்குப் படகில் போனவர்கள். நான் பிறந்தது தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமில். அங்கே இருந்த காலமெல்லாம் சிலோன்காரப் பையன். திரும்பி வந்து, என் பிறப்பைப் பதிந்து, இலங்கைப் பிரஜை என்று கடதாசி எடுத்து, ஒருமாதிரிப் பாஸ்போட்டுக்குப் போனேன், கத்தாரில் வேலை சரிவந்திருந்தது. பிறப்புச் சான்றிதழில் "இராமநாதபுரம் மாவட்டம்" என்று கண்டதும் அந்த உத்தியோகத்தர் பேனையை மூடி வைத்துவிட்டு, தம்பி நீர் இந்தியாவோ என்றார். மறுமொழி சொல்ல வாய் திறந்தால் வருகிறது முகாம் தமிழ். "இல்லீங்க சார்" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அந்த "ங்க" என்னை இன்னும் இரண்டு தரம் கொழும்புக்கு இழுத்தது. கத்தார் வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது.

உவர்மலைப் பேத்தி

அண்ணை, "போகலாம்" என்றது விமானத்தில் ஏறலாம் என்ற கருத்தில். சட்டப்படி நீங்கள் சொல்வதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். தேதி தள்ளிப் போடுகிற கதை மட்டும் வேண்டாம். நாங்கள் அந்தத் தேதிக்காக எவ்வளவு காலம் காத்திருந்தோம் என்று அம்மம்மாவுக்கே தெரியும்.

தம்பலகாமத்தான் தம்பி, உங்கட "இல்லீங்க சார்" என்னை விடுகுதில்லை.

நான் ஜூலையில் போனது கனேடியப் பாஸ்போட்டில், சுற்றுலா விசா எடுத்து. பெற்றோல் இல்லாத காலம், கட்டுநாயக்கவிலிருந்து வான் பிடித்து வீடு சேர விடிந்துவிட்டது. கேற்றடியில் இரண்டு மான் வாழைத்தோல் தின்றுகொண்டு நின்றன. அம்மா தேத்தண்ணி தந்துவிட்டு முதல் கேட்டது, எவ்வளவு நாள் நிக்க விடுவாங்கள் என்று. முப்பது நாள் என்றேன். எழும்பிப் போய்ச் சுவர்க் கலண்டரில் எண்ணி, ஒரு கட்டத்தில் வட்டம் போட்டா. மேல் வரிசையில் இன்னொரு வட்டம் இருந்தது. அது காஸ் சிலிண்டர் கிடைத்த நாள்.