மார்ச் மாதத்தில் அளந்த சுனை

மலைப்பக்கம் தண்ணீர் வேலை பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று இந்தக் குழுவில் கேட்டிருந்தார் ஒருவர். நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்தில்; சொந்த ஊர் தென்காசிப் பக்கம். இங்கே வந்த முதல் வருடமே டிராக்கன்ஸ்பர்க் மலை அடிவாரத்தில் ஒரு ஜூலு கிராமத்துக்குச் சுனைத் தண்ணீரைக் குழாயில் இறக்கும் வேலை கிடைத்தது. 46 வீடு, ஏறக்குறைய 280 பேர்.

நான் போனது மார்ச் கடைசி. 20 லிட்டர் வாளியை ஊற்றடியில் வைத்தேன். 50 வினாடியில் நிறைந்துவிட்டது. அதாவது வினாடிக்கு 0.4 லிட்டர், நாளைக்கு 34,000 லிட்டருக்கு மேல். அந்தச் சந்தோஷத்தில் ஊர்க்கூட்டத்தில் வாயைவிட்டேன்: "வீட்டுக்கு ஒரு குழாய் போட்டுவிடலாம்." எல்லோரும் கைதட்டினார்கள், ஒரு கோகோவைத் தவிர. (பாட்டியை இங்கே கோகோ என்பார்கள்.) "செப்டம்பரில் வா தம்பி. அப்போது வாளியை வைத்துவிட்டு நான் ஒரு மடி கீரை பறித்து வந்துவிடுவேன்" என்றார். கூட வந்த பையன் அதை மொழிபெயர்த்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

எனக்கு ஜூன், ஜூலை என்றால் குற்றாலச் சாரல்தான். இங்கே அது வறண்ட குளிர்காலம், மழை பிடிக்க அக்டோபர் ஆகிவிடும். செப்டம்பரில் போய் அளந்தால் அதே வாளி நிறைய 3 நிமிடம் 20 வினாடி. நாளைக்கு 8,640 லிட்டர்தான்! ஆளுக்கு 25 லிட்டர் என்பது இங்கே அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. 280 பேருக்கு அதுவே 7,000 ஆகிவிடுகிறது. வீட்டுக் குழாய்க் கனவு அதோடு போயிற்று. 200 மீட்டர் நடைக்குள் பொதுக்குழாய், இரவில் ஊறுவதைப் பிடித்துவைக்க 10,000 லிட்டர் ஜோஜோ டாங்க் (பிளாஸ்டிக் தொட்டி) இரண்டு. இதைச் சொல்ல மறுபடியும் கூட்டத்தில் எழுந்து நின்றபோது பட்ட வெட்கம் இருக்கிறதே... கோகோ ஒன்றும் சொல்லவில்லை, டீ கொடுத்தார்.

அப்புறம் ஒரு நிபந்தனை போட்டார். ஊற்றுக்கண்ணில் பாம்பு குடியிருக்கிறதாம், அதை அடைக்கக் கூடாது. எங்கள் ஊரில் கிணற்றுக்குள் கன்னிமார் இருப்பதாகச் சொல்வார்கள், அதனால் எனக்கு இது புதிதாகப் படவில்லை. வேலைக் கணக்கும் அதையேதான் கேட்டது. தொட்டி நீர் ஊற்றுக்கண்ணுக்கு மேலே ஏறி நின்றால், அந்த அழுத்தத்தில் ஊற்று வேறு வழி தேடிப் போய்விடும். வழிந்தோடும் குழாயைக் கண்ணுக்குக் கீழே வைத்தோம். வழிகிற தண்ணீர் மாடுகளுக்கு.

தகராறு வந்தது கீழே இருந்த பண்ணைக்காரரிடமிருந்து. சுனை நீர் ஓடை வழியாக அவர் அணைக்குத்தான் போகும். "ஓடைக்கரை நிலம் என்னுடையது, தண்ணீரும் என்னுடையது" என்றார். பழைய சட்டத்தில் கரைக்காரருக்கு அந்த உரிமை இருந்தது உண்மைதான். 1998 தேசியத் தண்ணீர்ச் சட்டம் அதை எடுத்துவிட்டது. தண்ணீர் எல்லோருக்கும் பொது, அரசு அதன் காப்பாளர். மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆறு உயிரோடு இருப்பதற்கும் முதலில் ஒதுக்கிவிட வேண்டும், மற்றவர்களுக்கு அதன் பிறகுதான். பண்ணைக்காரர் முன்பிருந்தே சட்டப்படி எடுத்துவந்ததைத் தொடர அதே சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் இந்த ஒதுக்கீட்டுக்கு முன்னால் அது நிற்காது. நான் சட்டத்தை விளக்கியதைவிட, ஊர்த்தலைவர் அவரைச் சுனைக்கு அழைத்துப்போய் அந்த வாளியை வைத்துக் காட்டியதுதான் பலித்தது. மூன்று நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்தார் மனிதர்.

டர்பன் பக்கம் டொங்காட்டிலிருந்து ஒரு அக்கா எழுதியது: 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் பல மாதம் தண்ணீர் லாரிக்காக வாளியோடு நின்றவர்கள். ஆளுக்கு 25 லிட்டர் என்று எழுதிவிட்டீர்கள். துணி துவைத்துப் பாருங்கள், அது எவ்வளவு என்று தெரியும். அது இருக்கட்டும், என் அத்தான் மலைப்பக்கம் நிலம் வாங்கியிருக்கிறார். ஓடையில் எடுக்க லைசென்ஸ் வேண்டுமா? இன்னொன்று, மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது என்கிறார்களே?

முதலில் எழுதியவர்: 25 பற்றிச் சொன்னது சரிதான் அக்கா, அது உயிர் பிழைக்கிற அளவுதான். வீட்டுக்கும் சின்னத் தோட்டத்துக்கும் எடுக்க லைசென்ஸ் வேண்டாம். விளைவித்து விற்பதென்றால் கதை வேறு, முதலிலேயே விசாரித்துவிடச் சொல்லுங்கள். மேட்டு வீட்டுக்கு எங்கள் ஊரிலும் அதே பாடுதான். பள்ளத்துக் குழாயைத் திறந்தால் மேட்டில் காற்றுதான் வந்தது. கடைசியில் மேட்டுப் பக்கத்துக்கு டாங்கிலிருந்தே தனி லைன் இழுத்தோம். உங்கள் அத்தான் ஓடையை எப்போது அளந்தாராம்?