கட்டை நேரமா, நிலையிடை நேரமா?

குன்னூரிலிருந்து:

வணக்கம். நம் விமானச் சொற்பட்டியலில் 'பிளாக் டைம்' என்பதற்குப் 'பறப்பு நேரம்' என்று இருக்கிறது. அது சரிவராது. பறப்பு நேரம் சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொடும்வரை. பிளாக் டைம், விமானம் நிறுத்திய இடத்திலிருந்து நகர்ந்து, போய்ச் சேர்ந்து நிற்கும்வரை. கோவை–சென்னை பெருவட்டத் தொலைவு, அதாவது பூமிப் பரப்பின் மேல் மிகக் குறுகிய வழி, ஏறத்தாழ 404 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் வகுத்தால் அரை மணி. டிக்கெட்டிலோ ஒரு மணிக்கு மேல். பின்னால் தள்ளி எஞ்சின் கிளப்பி ஓடுபாதைக்கு உருள்வது, ஏறும்போதும் இறங்கும்போதும் குறையும் வேகம், இறங்க வரிசையில் சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம்.

மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் லாரி நின்றால் கிளீனர் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுவார். விமானத்துக்கும் அதேதான். ஆகவே 'கட்டை நேரம்' என்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து:

கட்டைவிரல், கட்டைக்குரல் பழகிய காதுக்குக் 'கட்டை நேரம்' குட்டையான நேரமாகத்தான் விழும் ஐயா. அதைவிடப் பெரிய சிக்கல், கட்டையை எடுத்ததும் கணக்கு தொடங்குவதில்லை. எடுத்தபிறகும் கட்டுப்பாட்டுக் கோபுர அனுமதிக்காக நின்றுகொண்டிருக்கும். பல விமானங்களில் கதவு சாத்தி நிறுத்த பிரேக்கை விடுவித்ததும் கருவியே நேரத்தைப் பதிந்துகொள்கிறது.

தேர்ச்சொல்லை எடுப்போம். ஊட்டி மாரியம்மன் தேர் நிலையை விட்டுக் கிளம்பி நிலைக்கு வருகிறது. சக்கரக் கட்டையை உருவினாலும் வடம் இழுபட்டால்தான் நகரும். அப்படியே நான்கு கணங்கள்: நிலைவிடல், தரைவிடல், தரைதொடல், நிலைசேரல். ஒரு பேச்சுக்கு 6.10, 6.24, 7.06, 7.15 என்று வைத்தால் முதலுக்கும் கடைசிக்கும் இடையே 65 நிமிடம் நிலையிடை நேரம். நடுவில் உள்ள 42 நிமிடம் பறப்பு நேரம். விமானியின் பதிவேட்டில் ஏறுவது 65. உடற்பகுதி, எஞ்சின் பராமரிப்புக் கணக்குக்கு 42. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் பராமரிப்புக் கணக்கே பிசகிவிடும்.

ஊட்டியிலிருந்து:

நிலையிடை நேரத்துக்கு என் ஓட்டு. தேர் கிளம்பிய நிலைக்கே திரும்பும், விமானம் வேறு நிலைக்குப் போகும். அந்த அளவு பிறழ்வு பரவாயில்லை.

விளக்கத்தில் ஒரு வரி கூடுதலாக வேண்டும். அட்டவணையில் அச்சிடுவது அந்தந்த ஊர் நேரம். கோவையில் விடிகாலை 4.30க்குக் கிளம்பி ஷார்ஜாவில் 7.00க்கு நிற்பதாகப் போட்டிருந்தால், பார்வைக்கு இரண்டரை மணி. அங்கே கடிகாரம் ஒன்றரை மணி பின்தங்கியது. உண்மையில் நான்கு மணி. எனவே 'இரண்டையும் ஒரே மண்டல நேரத்துக்கு மாற்றிக் கழிக்க' என்று எழுதுங்கள்.

தொலைவுக்கும் ஒரு குறிப்பு. பெருவட்டத் தொலைவு பறந்த வழியின் நீளம் அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து இங்கே காக்கை வழி சுமார் 30 கி.மீ.; மலை ரயில் ஓடுவது 46. வானில் அவ்வளவு வளைவு இல்லை என்றாலும், புறப்பாட்டு வழியும் இறங்கு வழியும் சேர்ந்து குறுந்தொலைவுப் பயணத்தில் கணக்கை நன்றாகவே நீட்டும்.

இன்னொன்று: 'நிலைசேரல்' என்றதும் சேர மன்னர் வந்து நிற்கிறார். 'நிலைசேர்வு' என்று மாற்றி, மற்ற மூன்றையும் அப்படியே விடலாமா?